கண் மூடிய நிமிடங்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் என் ரத்த அழுத்தமும் இங்கே சுகம். நீயும் உன் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் நான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி எழுதியதாகக் குறைப்பட்டிருந்தாய். சரியாகத்தான் இருக்கும். அதனால் இம்முறை சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. பார்த்த பேய்ப்படங்கள் இரண்டு.
2. தொலைக்காட்சித் தொடர் ஒன்று, பாதியில் நிற்கிறது.
3. இசைக் கச்சேரி.
4. செப்டம்பர் மாநாடு.
5. எனக்குப் பயம் உண்டு, உனக்குக் கிடையாது என்ற பழைய உண்மை.
6. ஆகவே நீ ஏன் வந்தே ஆகவேண்டும் என்பது.

முதலாவது, சலவைக்கடைப் படமும் நீச்சல்குளப் படமும். இரண்டையும் காலைக் காட்சியில்தான் பார்த்தேன். வெளியே வரும்போது வெயில் இருக்கவேண்டும். வழக்கம்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினேன். சலவைக்கடைப் படத்தில் ஐம்பத்திரண்டாம் நிமிடம் முதல் ஐம்பத்து நான்கு வரை. மூடுவதற்கு முன் கடைக்காரி இயந்திரத்தின் கதவில் கை வைத்திருந்தாள். திறந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் என்ன நடந்தது? நீச்சல்குளப் படத்தில் மூன்று இடங்கள், தனித்தாளில் குறித்திருக்கிறேன். அங்கே நீ படத்தைப் பார்த்ததும் எழுது. சின்ன வயதில் இதையெல்லாம் என் காதிலேயே சொல்லிவிடுவாய். இப்போது தபாலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, பழைய ஆஸ்பத்திரி லிஃப்ட் பற்றிய தொடர். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். மூன்றாம் பகுதியோடு நிற்கிறது.

மூன்றாவது, பேய்ப்படங்களின் இசையை மட்டும் ஒரு பெரிய குழு அரங்கில் வாசித்தது. திரை இல்லை, படம் இல்லை. இருந்தும் இரண்டு இடங்களில் கண்ணை மூடினேன். பக்கத்து இருக்கை அம்மாள் என்னைப் பெரிய சங்கீத ரசிகர் என்று நினைத்து, இடைவேளையில் மரியாதையாகப் பேசினார். நான் மறுக்கவில்லை.

நான்காவது, செப்டம்பரில் இங்கே நடக்கும் திகில் ரசிகர் மாநாட்டில் நிலவறைப் படத்தைச் சுத்தம்செய்த புதுப் பிரதியில் காட்டுகிறார்களாம். அதை நாம் முதலில் பார்த்தபோது எனக்கு எட்டு வயது, உனக்குப் பதினொன்று. நிலவறைக் கதவு திறந்ததும் உன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். "ஒரு பொம்பள படியேறி வர்றாடா. பத்து விரல் நுனியிலயும் பத்துப் பல்லு" என்றாய். அறுபத்து மூன்று வருடமாக அவளை எனக்குத் தெரியும். நான் பிறகு பல்செட் செய்யும் தொழிலுக்குப் போனது தற்செயல்தான்.

ஐந்தாவதையும் ஆறாவதையும் விளக்கத் தேவையில்லை. உனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிட்டேன். பக்கத்தில் நீ இல்லாமல் அந்த அரங்குக்குள் என்னால் நுழைய முடியாது. அவசரப்பட்டுவிட்டேனோ என்றும் தோன்றுகிறது.

பணிவுடன்,
தம்பி


மார்ச் 21

டேய் கண்மூடி,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மகள் மருந்துக்கடைக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள். படமே இல்லாத கச்சேரியில் கண்ணை மூடியவன் உலகத்தில் நீ ஒருவன்தான்.

சலவைக்கடை, ஐம்பத்திரண்டு முதல் ஐம்பத்து நான்கு வரை: மேலே கொக்கியில் தொங்கிய ஒரு வெள்ளைச் சட்டை தானாக இறங்கி வருகிறது. உள்ளே ஆள் இல்லை. நிதானமாக ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொள்கிறது. கடைசியில் கழுத்துப் பட்டன். அதைப் போட்டதும் கடைக்காரி தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். அவ்வளவுதான். இதற்குப் போய்க் கண்ணை மூடினாயா?

நீச்சல்குளம் பிறகு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே சளியைத் தவிர வேறு குறையில்லை.

முதலில் நன்றி சொல்லவேண்டும். இம்முறை எழுத்துகளை மிகப் பெரிதாக எழுதியிருக்கிறாய். எனக்கு வயதாகிவிட்டது, படிக்கச் சிரமப்படுவேன் என்று நினைத்துச் செய்திருக்கிறாய். நான் புதுக் கண்ணாடி மாற்றிவிட்டேன், கவலைப்படாதே. வரிகள் வலப்பக்கமாகச் சரிந்து இறங்குகின்றன, மடியில் வைத்து எழுதினாயோ? முப்பத்தெட்டு வருடம் வாயின் அளவெடுத்தவன், கால் மில்லிமீட்டர் கோணல் என்றாலும் கண்ணில் பட்டுவிடுகிறது. குறையாகச் சொல்லவில்லை.

கழுத்துப் பட்டனை நினைத்து மூன்று நாள் என் சட்டைக்குப் பட்டன் போடவில்லை.

லிஃப்ட் தொடரில் நான்காம் பகுதிக்கு வந்துவிட்டேன். பத்தாம் நிமிடத்திலிருந்து பன்னிரண்டு வரை எனக்குத் தெரியாது. அதையும், மாநாட்டுக்கு எந்தத் தேதியில் கிளம்புகிறாய் என்பதையும் எழுது. முன்னறையில் உனக்குக் கட்டில் போடவேண்டும், சுவரை அளந்து வைத்திருக்கிறேன்.

தம்பி


மே 27

அன்புள்ள தம்பி,

பதில் தாமதமாகிவிட்டது. விரல் மூட்டு வலி. அதனால் நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். மற்றபடி சுகம். உன் சளி போயிருக்கும்.

லிஃப்ட் தொடர், நான்காம் பகுதி: லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் வருகிறது. ஆனால் நிற்கிற மணி அடிக்கவில்லை. எங்கோ குழாய் சொட்டுகிறது. செருப்பில்லாத கால் நடக்கிறது. முதலில் ஒரு ஆள், பிறகு அதே நடை இரண்டு ஆளாகக் கேட்கிறது. வாயைத் திறக்காமல் யாரோ சிரிக்கிறார்கள். கதவு.

செப்டம்பருக்கு இன்னும் நாள் கிடக்கிறது. கட்டிலைப் பிறகு பார்க்கலாம்.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

விரல் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாயா? இருபத்தேழு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவளுக்கு நான் வைத்தியம் சொல்வது சரியில்லைதான்.

லிஃப்ட் பகுதியை மிக நன்றாக எழுதியிருந்தாய். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பவனுக்குச் சத்தத்தை எழுதி அனுப்பியிருக்கிறாய். யோசித்துத்தான் செய்திருப்பாய்.

போன ஞாயிறு மாநாட்டுக்கு முன்னோட்டமாக ரசிகர்கள் கூடிப் பேசினார்கள். ஒரு நூலகத்தின் மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், பன்னிரண்டு பேர். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு டாக்ஸிக்காரர், ரத்தக்காட்டேரிப் பல் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அது பேசும்போதெல்லாம் கழன்று விழுந்தது. பொறுக்கமுடியாமல் வாங்கிப் பார்த்தேன். அளவெடுக்காமல் செய்த மட்டமான வேலை. பையிலிருந்த சின்ன அரத்தால் ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு, "சார், இப்பதான் நான் பேய் மாதிரி இருக்கேன்" என்றார்.

அந்தத் தைரியத்தில் அவரிடம் வெள்ளைச் சட்டைக் காட்சியைச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டுவிட்டு, அப்படி ஒரு காட்சியே படத்தில் கிடையாது என்றார். கடைக்காரி இயந்திரக் கதவைத் திறக்கிறாள், உள்ளே அவளே சுருண்டு படுத்திருக்கிறாள், அவ்வளவுதானாம். முன் வரிசையில் இருவர் திரும்பி, ஆமாம் என்றார்கள்.

எனக்கு இரண்டு விளக்கங்கள் தோன்றுகின்றன. ஒன்று, உங்கள் ஊருக்கு வேறு பிரதி அனுப்பியிருக்கலாம். இரண்டு, நான் உன் கடிதத்தைத் தவறாகப் படித்திருக்கலாம். திரும்பப் படித்துவிட்டேன், ஆகவே முதலாவதுதான். உங்கள் தியேட்டரில் கேட்டு எழுத முடியுமா?

தம்பி


ஜூன் 24

தம்பி,

நலம். நீயும் நலமாக இரு.

நான் சொன்னதுதான் நடந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் என்னிடம் கேள்வி கேட்கிறான். உன் டாக்ஸிக்காரர் அந்த நேரத்தில் எந்தப் பல்லைத் தேடிக் குனிந்திருந்தாரோ.

மாநாட்டுக்கு என்னால் வரமுடியாது. முழங்கால் சரியில்லை. டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. கட்டில் போடாதே.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்கள் சுகம்தானே? இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாமல் மருந்துக்கடையிலிருந்து எழுதுகிறேன். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அம்மாவுக்கு விரல் வலியும் இல்லை, முழங்கால் வலியும் இல்லை. வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. ஓரங்கள் தெரிகின்றன, பார்க்க நினைக்கிற இடம் மட்டும் கறுப்பாக இருக்கிறதாம். ஒரு வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. சலவைக்கடைப் படத்துக்கு என்னோடு வந்தாள், முழு நேரமும் திரைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் தொடரை வானொலி மாதிரி கேட்கிறாள். உங்களுக்கு எழுதியதெல்லாம் அவளே உண்டாக்கியது.

இந்த வருடத் தொடக்கத்திலிருந்து இடது கண்ணும் மங்கிவருகிறது. அதைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். கண்ணுக்குள் ஊசி, மாதம் ஒன்று. ஆகஸ்ட் முடிவதற்குள் தொடங்காவிட்டால் அந்தக் கண்ணும் வலது கண் போலத்தான் ஆகும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். மூன்று முறை அழைத்துப் போனேன். மூன்று முறையும் அந்த அறைக் கதவு வரை வந்து திரும்பிவிட்டாள். முதல் முறை, பசிக்கிறது என்றாள். இரண்டாம் முறை, அங்கிருந்த நர்ஸ் சரியாகக் கை கழுவவில்லை என்று சண்டை போட்டாள். மூன்றாம் முறை, நேராகத் திரும்பிப் போய் ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டாள்.

எத்தனையோ பேருக்கு அறுவை சிகிச்சையில் பக்கத்தில் நின்றவள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மாமா.

உங்கள் மருமகள்


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம். ஆகஸ்ட் மாதம் உன்னைப் பார்க்க வரலாம் என்று இருக்கிறேன். குறிப்பாகக் காரணம் ஒன்றும் இல்லை. உன் வீட்டில் யாருக்காவது பல்செட் தளர்ந்திருந்தால் சரிசெய்யக் கருவிகளும் கொண்டுவருவேன்.

சலவைக்கடைப் படத்தை மறுபடி பார்த்தேன். இம்முறை கண்ணை மூடவில்லை. வேறு பிரதிதான் போலிருக்கிறது. உன் ஊர்ப் பிரதி மேல்.

தம்பி


ஜூலை 29

டேய் தம்பி,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. மகள் உனக்கு எழுதிவிட்டாள் என்று தெரியும். நீ உண்மை சொன்னால் கடிதம் நான்கு பக்கம் வரும். பொய் சொன்னால் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவாய். இந்த அரைப் பக்கம் வந்தபோதே இவள் முகம் மாறியிருக்கும். முகம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் படிக்கிற குரல் மாறியது.

(மாமா, இதை எழுதும்போது அம்மா என்னை முறைக்கிறாள். நான் இந்தப் பக்கம் இருக்கிறேன், அவள் ஜன்னலை முறைக்கிறாள்.)

அவள் என்ன எழுதினாலும் எழுதட்டும். நீ வருகிறாய் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வந்து நின்று, "உனக்கு எதுக்கு அக்கா பயம், நீ யாரு" என்று ஆரம்பித்தாயானால் என்னால் தாங்கமுடியாது. அதனால் முன்னாலேயே சொல்கிறேன்.

நிலவறைப் படத்தில் கதவு திறந்தபோது நானும் கண்ணை மூடிக்கொண்டேன். உனக்கு முன்பே மூடினேன். நீ என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "என்ன நடக்குது, என்ன நடக்குது" என்று பிடுங்கினாய். தெரியவில்லை என்று சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தப் பொம்பளையை நான் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு எந்தப் படமும் அப்படித்தான். நீ மூடிய இடங்களில் எல்லாம் நானும் மூடினேன். சொல்லிக்கொண்டே இருந்தால் பயம் என் வாயிலிருந்து உன் காதுக்குப் போய்விடும், அவ்வளவுதான். கண் கெட்டபிறகு பொய் சொல்ல ஆரம்பித்தேன் என்று இவள் நினைக்கிறாள். கண் நன்றாக இருந்தபோதும் இதேதான்.

ஆபரேஷன் தியேட்டர் வேறு. அங்கே நான் நின்றுகொண்டிருப்பேன். படுத்திருப்பவர்களைத் தூங்கவைத்துவிடுவார்கள். இந்த ஊசிக்குத் தூங்கவைக்கமாட்டார்கள். கண்ணை ஒரு கம்பியால் திறந்து பிடித்துவிடுவார்கள். அந்தக் கம்பியை எத்தனை முறை கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அது போட்டபிறகு மூடமுடியாதுடா.

ஆகஸ்ட் பதினேழு, காலை பத்து மணி. வருவதானால் வா.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பதிலாக நான் எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டேன். பதினைந்தாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். கீழ்ப்படுக்கை கிடைத்துவிட்டது. கருவிகள் கொண்டுவரவில்லை.

ஊசி போடும் அறைக்குள் கூட வருபவரை அனுமதிப்பார்களா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டு வைக்கச் சொல். அனுமதிக்கமாட்டார்கள் என்றால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

தம்பி


செப்டம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டாய் என்று மருமகள் எழுதியிருந்தாள். எழுத்துப் பலகையில் முன்பு வாசித்த அதே வரிவரை இப்போதும் வாசித்தாயாம். கூடவில்லை, குறையவும் இல்லை. அது போதும் என்றாராம் டாக்டர். எனக்கும் போதும்.

பதினேழாம் தேதியைப் பற்றி நாம் அன்று பேசிக்கொள்ளவே இல்லை. ஊருக்குத் திரும்பும் ரயிலில் சில விஷயங்களைக் குறித்து வைத்தேன். நீ படுத்திருந்தாய், முகத்தில் துணி போட்டிருந்தார்கள், அதனால் இவை உனக்குத் தெரிந்திருக்காது.

பழைய நர்ஸின் தம்பி என்பதால் எனக்குத் தொப்பியும் கவுனும் மாட்டி உன் தலைமாட்டில் நிறுத்தினார்கள். துணியில் ஒரு வட்ட ஓட்டை, அதில் உன் கண் மட்டும். சொட்டு மருந்து விட்டார்கள். பிறகு அந்தக் கம்பி. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கதோஷம். பத்து மணி இருபத்தாறு. மூடிவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

அப்போதுதான் நீ, "தம்பி, என்னடா நடக்குது?" என்றாய்.

உன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை. அக்கா, நான் மூடவில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன். டாக்டர் ஒரு சின்ன அளவுகோலால் வெள்ளை விழியில் இடம் குறித்தார், கால் மில்லிமீட்டர் கூடப் பிசகவில்லை. நல்ல வேலைக்காரர். ஊசியையும் பார்த்தேன். அது உள்ளே போனதையும் பார்த்தேன். அதற்கெல்லாம் பதிலாக நான் உனக்குச் சொன்னது உனக்கே தெரியும்.

"மேல கொக்கியிலேர்ந்து ஒரு வெள்ளச் சட்டை இறங்கி வருது அக்கா. உள்ள ஆள் இல்ல. மெதுவா பட்டன் போடுது. ஒண்ணு... ரெண்டு..."

டாக்டர் கையை நிறுத்தாமல், "என்ன சட்டை?" என்றார்.

"நடுவுல பேசாதீங்க டாக்டர், முக்கியமான கட்டம்" என்றாய்.

கழுத்துப் பட்டன் போடுவதற்குள் ஊசி முடிந்துவிட்டது. பிறகு நர்ஸ் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவர் நன்றாகத்தான் கை கழுவுகிறார், கவனித்தேன்.

இனி மாநாடு. உன் இருக்கையில் டாக்ஸிக்காரர் உட்கார்ந்தார். பல் கச்சிதமாக இருந்தது, பாப்கார்ன் கூடச் சாப்பிட்டார். நிலவறைக் கதவு திறந்தது. நான் கண்ணை மூடவில்லை. உள்ளே கற்படிகள், ஒரு விளக்கு ஆடுகிறது. அரை நிமிடம். யாரும் வரவில்லை. கதவு சாத்திக்கொள்கிறது. அவ்வளவுதான், அக்கா. எனக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது. அறுபத்து மூன்று வருடமாகத் தெரிந்தவள், வீடு மாறிப் போய்விட்ட மாதிரி. டாக்ஸிக்காரரிடம் அவளைப் பற்றிச் சொன்னேன். பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தப் படத்த எடுத்திருக்கணும் சார்" என்றார்.

அடுத்த வருட மாநாட்டில் வேடம் போட்டு வருகிறவர்களுக்குத் தனி மேடை உண்டாம். பழைய அச்சுகளைத் தேடி எடுத்துப் பத்து வெட்டுப்பற்கள் செய்துகொண்டிருக்கிறேன், விரல் நுனியில் மாட்டிக்கொள்கிற மாதிரி. உன் விரல் அளவுகள் வேண்டும். மருமகளிடம் சொல்லி ஒவ்வொரு விரலையும் நூலால் சுற்றி முடிச்சுப் போட்டு அனுப்பு. எந்த நூல் எந்த விரல் என்று சீட்டு ஒட்டச் சொல். அளவெடுக்காமல் செய்தால் மேடையில் கழன்று விழும்.

அக்டோபர் ஊசிக்கு நான் வருகிறேன். கவுன் எனக்குப் பெரிதாக இருந்தது, சின்னதாக ஒன்று எடுத்து வைக்கச் சொல்.

மார்ச் நான்காம் தேதிக் கடிதத்தில் ஆறு குறிப்புகள் எழுதியிருந்தேன். அவற்றில் ஐந்தாவது, எனக்குப் பயம் உண்டு, உனக்குக் கிடையாது என்பது. அது தவறு. என்னிடமிருக்கும் நகலில் அதை அடித்துவிட்டு, இருவருக்கும் உண்டு என்று திருத்திவிட்டேன். உன்னிடமிருக்கும் கடிதத்திலும் மருமகளைத் திருத்தச் சொல்.

தம்பி